நரம்புத் தளர்ச்சி என்று ஒரு வருத்தம் கிடையாது

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு "நரம்புத் தளர்ச்சி: காரணமும் தீர்வும்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போன மாதம் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேனாம், நேரம் நிறைய இருக்குமாம். கேட்க வந்தவர் நல்ல பிள்ளை. அவரிடம் சொன்னேன்: "தம்பி, நான் இத்தனை வருசமாச் சனத்தின்ர நரம்புக்குக் கரண்ட் வைச்சு அளந்தனான். அறுந்த நரம்பு கண்டிருக்கிறன், நசிஞ்ச நரம்பு கண்டிருக்கிறன், சீனி வருத்தத்தில செத்த நரம்பு கண்டிருக்கிறன். தளர்ந்த நரம்பை மட்டும் ஒரு நாளும் காணேல்லை. தளருறது காற்சட்டை நாடா."

அவர் சிரித்துவிட்டு, "அப்ப அதையே எழுதுங்கோ அன்ரி" என்றார்.

எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ தெரியாது. இதில் வருகிற ஒருவரை மலர்க்குழுவில் பலருக்குத் தெரியும்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவள். மொழிப் படிப்பு, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, சோதனை, இரண்டு பிள்ளைகள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்தன. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடந்ததுதான். முடிவில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவில், நரம்பு அளக்கும் அறையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்த அறைதான்.

வேலை இதுதான். நோயாளியின் தோலில் சிறிய உலோகத் தகடுகளை ஒட்ட வேண்டும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ, நரம்பு தோலுக்குக் கிட்ட ஓடும் இடமாகப் பார்த்து ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். விரல் துள்ளும். திரையில் ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டின் உயரத்தையும் அது எழும்ப எடுத்த நேரத்தையும் பார்த்தால் உள்ளே என்ன நிலைமை என்று தெரியும்.

மூளை ஒரு கொம்பியூட்டர், நரம்பு அதன் வயர் என்று தொலைக்காட்சியில் வந்து சொல்லும் பேர்வழிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயர் முடியும் இடத்தில் இன்னொரு வயரைச் செருகலாம். நரம்பு முடியும் இடத்தில் ஒன்றும் செருகியிருக்காது. நரம்புக்கும் தசைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருக்கிறது. நரம்பு வழியே ஓடிவந்த மின்சாரம் அந்தக் கரையோடு நின்றுவிடும். அங்கே நரம்பின் நுனி அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கொட்டும். அது இடைவெளியைக் கடந்து, தசையின் மேல் அதற்கென்றே இருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்டும். அப்போதுதான் தசையில் புதிதாக மின்சாரம் பிறந்து தசை இழுக்கும். உடனேயே ஒரு நொதியம் வந்து அந்த இரசாயனத்தைத் துடைத்துவிடும், அடுத்த தடவைக்கு இடம் வேண்டுமே. மூளைக்குள் ஒரு நரம்புக் கலம் இன்னொன்றோடு கதைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான், இரசாயனங்கள்தான் வேறு வேறு. இதைச் சொன்னால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். சொக்கலேற் தின்றால் சந்தோச இரசாயனம் ஊறும் என்று சொல்லிப் பாருங்கள், மண்டபம் நிரம்பிவிடும்.

எங்கள் மூத்த வைத்தியர் டொக்டர் ஹெல்விக். உயரமான, மெலிந்த மனுசி. நோயாளியைத் தொடுவதற்கு முன் தன் கைகளைச் சுடுதண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பார். இரக்கத்தால் அல்ல. குளிர்ந்த விரல் பட்டால் நோயாளியின் தோல் குளிரும், தோல் குளிர்ந்தால் அளவு மாறும். என்னிடமும் அதே கண்டிப்பு. கையை வெந்நீரில் வைத்து, துடைத்து, சூட்டு விளக்கைத் திருப்பி, வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகுதான் தகடு ஒட்டலாம். ஒரு மாரி காலத்துக் குளிரில் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார்கள். நான் காலை முழுதும் எடுத்த அளவுகளை அவர் திரையில் ஒரு தடவை பார்த்தார். "இது நோயாளியின் நரம்பு இல்லை, ஜன்னலின் நரம்பு" என்று சொல்லி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்.

அழுகிற நோயாளிக்குக் கை துடைக்கும் கடதாசி ஒன்றை உருவிக் கொடுப்பார், அதற்கு மேல் ஒரு ஆறுதல் வார்த்தை வராது. நான் எந்த நாட்டுக்காரி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற வைத்தியர்கள் வெளிநாட்டுக்காரர் நோவு என்று கத்தினால் அதற்குத் "தெற்கத்தி வருத்தம்" என்று பெயர் வைத்துத் தேநீர் அறையில் சிரிப்பார்கள். ஹெல்விக் சிரிக்கமாட்டார். அதுவும் நல்ல மனத்தால் இல்லை. அது ஒரு அளவு இல்லை, அவ்வளவுதான். பல வருசம் எனக்கு அந்த மனுசியைப் பிடிக்கவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருசங்கள். சமாதானம் வந்துவிட்டது, இனி உங்களுக்கு என்ன பயம் என்று இங்கே அகதி மனுக்களைத் தள்ளத் தொடங்கினார்கள். தள்ளுப்பட்ட ஆளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி நோய், எங்கள் பேச்சில் வருத்தம். பயணம் செய்ய ஏலாத அளவுக்கு வருத்தம் என்று ஒரு வைத்தியர் சொன்னால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். எங்கள் சனத்துக்கு வருத்தம் ஒரு சொத்தாகிவிட்டது.

அந்தச் சொத்துக்கு ஒரு தரகரும் இருந்தார். எல்லோரும் சட்டத்தார் என்று கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் வேண்டாம். சட்டம் படித்தவர் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்து வரிசையில் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் நின்றவர், அதுதான் தகைமை. காசு வாங்கமாட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையும், உள்ளே வந்ததும் பத்துப் பேர் எழும்பி "அண்ணை வாங்கோ" என்று சொல்வதும்.

அவர்தான் தவராசாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தவராசாவுக்கு முப்பத்தைந்து வயது மதிக்கலாம். கிரேக்க உணவகம் ஒன்றில் சமையல் வேலை. அவருடைய மனுவும் தள்ளுப்பட்டிருந்தது. அரச வைத்தியர் ஒருவர் ஏற்கெனவே அவரைப் பரிசோதித்து, சொல்வது ஒன்றுக்கொன்று முரண், மிகைப்படுத்துகிறார், பயணம் செய்யலாம் என்று முடித்துவிட்டார். அவருடைய வழக்கறிஞர் கெஞ்சி எங்களிடம் கடைசியாக ஒரு டெர்மின், பரிசோதனைக்கு ஒரு நேரம், எடுத்திருந்தார்.

தவராசா சட்டத்தாரின் தோளைப் பிடித்து வலது காலை நொண்டிக்கொண்டு வந்தார். கதிரையிலிருந்து எழும்பிக் கட்டிலுக்குப் போகும்போது நொண்டுகிற கால் இடதாக மாறிவிட்டது. கை வேறு நடுங்கியது. நான் தகடு எடுக்கத் திரும்பினால் நடுக்கம் நிற்கும், பார்த்தால் தொடங்கும்.

"தங்கச்சி, இவருக்குக் கடும் நரம்புத் தளர்ச்சி" என்றார் சட்டத்தார். "டொக்டரிட்ட வடிவாச் சொல்லுங்கோ. கால், கை, முதுகு, எல்லாம்."

"நீங்கள் வெளியில இருங்கோ அண்ணை."

"நான் மொழிபெயர்க்க வந்தனான்."

அந்த நேரம் ஹெல்விக் உள்ளே வந்தார். "இவர் யார்?" என்று டொச்சு மொழியில் கேட்டார். நண்பர் என்றேன். "நண்பர்கள் வெளியே" என்று கதவைத் திறந்து பிடித்தார். சட்டத்தார் போனார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் ஹெல்விக். "அவர் சொல்ல விரும்புவதை வேண்டாம். நீங்கள் நினைப்பதும் வேண்டாம்."

கையைச் சூடாக்கி அளந்தேன். சுண்டுவிரல் நன்றாகத் துள்ளியது. பிறகு அதே அதிர்ச்சியை விநாடிக்கு மூன்று தடவையாகத் தொடர்ந்து கொடுத்தேன். திரையில் எழும்பிய மேடுகள் வேலிக்கட்டை மாதிரி எல்லாம் ஒரே உயரம். ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் சனத்தை இவர்கள் நம்பாமல் விடுவதற்கு நீ ஒருத்தனே போதும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு தகடுகளைக் கழற்றப் போனேன்.

"பொறுங்கள்" என்றார் ஹெல்விக். "அவரை எண்ணச் சொல்லுங்கள். அவருடைய மொழியில், உரத்து. நான் நிறுத்தச் சொல்லும்வரை."

"எண்ணுறதோ? ஏன் அக்கா?" என்றார் தவராசா.

"எண்ணுங்கோவன்."

அவர் ஒண்டு, ரெண்டு என்று தொடங்கினார். ஹெல்விக் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். இருபதுவரை ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டும்போது குரல் மூக்கால் வரத் தொடங்கியது. நாற்பதுக்குப் பிறகு எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்தன. நடுங்கிக்கொண்டிருந்த கை தன் நடிப்பை மறந்து மேலே போய்த் தாடையைத் தாங்கிப் பிடித்தது. பிடிக்காவிட்டால் வாய் தொங்கிவிடும் போலிருந்தது. நான் எண்கள் சரியாக வருகின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் விளங்காத அந்த மனுசி தொண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்" என்று திரும்பினார். தவராசாவின் இடது கண் இமை பாதிக்கு இறங்கியிருந்தது. புருவத்தை உயர்த்தி அதை மறைக்கப் பார்த்தார்.

"கண்ணுக்கு என்ன?" என்றார் ஹெல்விக்.

"ஒண்டுமில்லை அக்கா, நித்திரை காணாது."

அதை அப்படியே டொச்சில் சொன்னேன். "இறைச்சி மென்று சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள்" என்றார் ஹெல்விக்.

தவராசா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "அக்கா, அதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"எதை?"

"மெல்லேலாது. ரெண்டு வாய் மெண்டா தாடை நிண்டுபோகும். பின்னேரத்தில எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். கறி உருசி பாக்கேலாத குசினிக்காரனை ஆர் வைச்சிருப்பினம்?"

"என்ன சொன்னார்?" என்றார் ஹெல்விக்.

அவர் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. எல்லாவற்றையும் சொன்னேன், சொல்ல வேண்டாம் என்று கேட்டதையும் சேர்த்து.

ஹெல்விக் நோயாளர் வாட்டிலிருந்து ஐஸ் எடுப்பித்து, ஒரு கையுறைக்குள் போட்டுக் கட்டி, அந்த இமையின் மேல் இரண்டு நிமிசம் பிடித்தார். எடுத்தபோது கண் முழுதாகத் திறந்திருந்தது. குளிரில் அந்தத் துடைக்கும் நொதியம் மந்தமாகும், இரசாயனம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பிறகு சூட்டு விளக்கைத் தோளுக்குத் திருப்பச் சொன்னார். கழுத்துப் பக்கத்தில் ஓடுகிற நரம்புக்கு அதிர்ச்சி கொடுத்து, தோள்பட்டைத் தசையில் அளந்தோம். விநாடிக்கு மூன்று. முதல் மேடு உயரம். இரண்டாவது குட்டை. மூன்றாவது அதைவிடக் குட்டை. நாலாவது பாதிதான் இருந்தது. ஓய்வு கொடுத்துத் திரும்பவும் எடுத்தோம். அதே படிக்கட்டு.

மயஸ்தீனியா. நரம்பில் ஒரு பழுதும் இல்லை. மின்சாரம் வருகிறது, இரசாயனமும் கொட்டுகிறது. ஆனால் அவருடைய உடம்பே பிறபொருளெதிரிகளை உண்டாக்கித் தசையின் ஏற்பிகளை அடைத்தும் அழித்தும் விட்டது. தொடர்ந்து வேலை செய்தால் நரம்பு நுனி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத்தான் கொட்டும், அது எல்லோருக்கும் நடப்பது. மற்றவர்களுக்கு ஏற்பிகள் மிச்சமாக இருப்பதால் தெரியாது. அவருக்கு மிச்சம் இல்லை. ஓய்வெடுத்தால் திரும்பவும் சரியாகும். அதனால் காலையில் மா மூட்டை தூக்குவார், மாலையில் கரண்டி தூக்க ஏலாது. அந்த அரச வைத்தியர் அவரைக் காலையில் பார்த்துவிட்டு முரண் என்று எழுதினாராம். பின்னேரம் ஒரு தடவை பார்க்கலாம் என்று அவ்வளவு படித்த மண்டைக்குத் தோன்றவில்லை.

ஆனால் மிகைப்படுத்துகிறார் என்று எழுதினாரே, அது உண்மை. பார்க்கிறவருக்கு நடிப்புப் போலத் தெரிகிற வருத்தம் ஒன்று. அதை வைத்திருக்கிற மனுசன் அதை ஒளித்துவிட்டு, இல்லாத இன்னொன்றை நடிக்கிறார்.

"ஏன் நொண்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"சட்டத்தார் சொன்னவர். கண், வாய் எல்லாம் சின்ன விசயம், கணக்கில எடுக்க மாட்டினமாம். கால் ஏலாதெண்டாத்தான் பிளேனில ஏத்த மாட்டினமாம்."

ஹெல்விக் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நோய் நிச்சயம், பயணம் ஆபத்து, இந்த நோயோடு நெஞ்சில் கட்டி வருவதுண்டு, மார்புப் படம் எடுக்க வேண்டும். அதோடு, நொண்டலுக்கும் கை நடுக்கத்துக்கும் உடல் காரணம் இல்லை, அவை வேண்டுமென்றே செய்யப்பட்டவை என்று ஒரு வரி. நான் அந்த அறையில் அதுவரை அவரோடு வாதாடியதில்லை.

"அந்த வரி தேவையில்லை, டொக்டர். அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்."

"நான் கண்டதை எழுதுகிறேன்."

"கண்டதில் பாதியை எழுதினால் போதும்."

"அப்படியென்றால் மற்றப் பாதியையும் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னபடிதான் நடந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு நிபுணரின் கருத்து வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். படம் எடுக்கவும் அனுமதி வேண்டுமாம். ஹெல்விக் ஆரம்பித்துக் கொடுத்த மருந்துக் குளிசையைப் போட்டுக்கொண்டு தவராசா குசினியில் நின்று பொரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சளித் தடிமனும் காய்ச்சலும் வந்தன. இந்த வருத்தக்காரருக்கு அது போதும். ஒரு பின்னேரம் வேலை செய்துகொண்டிருந்தபோதே மூச்சு இழுக்க ஏலாமல் விழுந்தார். மூச்சுக்கும் தசைதானே வேண்டும். அம்புலன்ஸ் எங்கள் வைத்தியசாலைக்குத்தான் கொண்டுவந்தது. தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு இமையும் மூடியிருந்தன. நினைவு முழுதாக இருந்தது. கூப்பிட்டால் ஒரு விரலை மட்டும் கொஞ்சம் அசைப்பார்.

கீழே வந்து ஹெல்விக்கிடம் சொன்னேன். "நீங்கள் அந்த வரியை எழுதியிருக்கத் தேவையில்லை."

"அதை விட்டிருந்தால் நோயைப் பற்றிய வரியையும் நம்பியிருக்க மாட்டார்கள்."

"எழுதினீர்களே, நம்பினார்களா?"

அவர் குழாயைத் திறந்து கைகளைச் சுடுதண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நோயாளி வர இன்னும் நேரம் இருந்தது. பிறகு மேலே போய், அந்த அலுவலகத்துக்குத் தானே தொலைபேசி எடுத்து, கத்தாமல், ஒரே குரலில், நீண்ட நேரம் கதைத்தார் என்று செயலாளர் சொன்னார். யார் சொன்னது சரி என்று இத்தனை வருசம் யோசித்தும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவர்களைப் பற்றி மட்டும் முடிவு இருக்கிறது, அதை அச்சில் போட ஏலாது.

தவராசா பிழைத்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த கட்டியைப் படத்தில் கண்டு வெட்டி எடுத்தார்கள். வருசக் கணக்காகக் குளிசை போட்டார். சிகிச்சை காரணமாக இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்து, பிறகு அது நிரந்தரமாயிற்று. அனுமதி கிடைத்த வருசப் பொங்கல் விழாவில் சட்டத்தார் முன்வரிசையில் இருந்துகொண்டு, "அவன்ர உயிரைக் காப்பாத்தினதே நான்தான். நான் கூட்டிக்கொண்டு போயிருக்காட்டி?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தவராசாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்கு வடை இறங்கவில்லை.

அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பிரிவுக்கு ஒருவர் பின் ஒருவராகத் தமிழ் ஆண்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் நொண்டவில்லை. எல்லோருக்கும் இடது கண் இமை இறங்கியிருந்தது. ஒருவருக்குப் பேச்சு நடுவில் இடது வலதாக மாறியது. எண்ணச் சொன்னால் ஐந்திலிருந்தே மூக்கால் எண்ணினார்கள். இளம் வைத்தியர்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். இவர்களை அளந்து என்ன நேரம் வீணாக்குவது, அப்படியே திருப்பி அனுப்பிவிடலாமே என்று நான் ஹெல்விக்கிடம் சொன்னேன்.

"பொய் சொல்கிறவருக்கும் நோய் வரும்" என்றார். "எல்லோரையும் அளக்க வேண்டும். தோள் சூடாக இருக்கட்டும்."

அளந்தேன். ஒவ்வொருவருக்கும் விளக்கைத் திருப்பி, வெப்பமானி வைத்து, தோளில் தகடு ஒட்டி, விநாடிக்கு மூன்று. எல்லோருக்கும் வேலிக்கட்டை.

கடைசியாக வந்தவருக்கு மீசை நரைத்திருந்தது. என்னைவிட மூத்தவர். தகடுகளைக் கழற்றுவதற்கு முன் வழக்கம் போலச் சொன்னேன்: "உங்களுக்கு ஒண்டுமில்லை அண்ணை. நல்ல சுகமா இருக்கிறியள்."

"வடிவாப் பாத்தியளோ தங்கச்சி?"

"ஓம். எல்லாம் சரியா வருது."

அவர் எழும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இமையை இறக்கிப் பிடிக்க மறந்துவிட்டார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் போனது. அந்த அறையில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி வந்திருக்கிறது, அவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். சுகம் என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனுசன் அழுவதை அன்றுதான் கண்டேன். கடதாசி உருவிக் கொடுத்தேன்.

"இன்னொருக்கா வையுங்கோ" என்றார். "கரண்டைக் கூட்டி வையுங்கோ."

எத்தனை தரம் வைத்தாலும் இதுதான் வரும் என்று அவருக்கும் தெரியும். வைத்தேன். தோள் நன்றாகத்தான் துள்ளியது.